இனிஷியல் போட்ட முட்டை

ஸ்விட்ச் போர்டைத் திறந்தேன். உள்ளே இரண்டு முட்டை.

எனக்கு இது புதிதில்லை. டெல்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பத்தொன்பது வருஷமாக வயர்மேன். பழைய மரப் போர்டு எதைத் திறந்தாலும் பல்லி இருக்கும். இல்லை, பல்லி முட்டை இருக்கும். வெள்ளையாக, விரல் நகம் அளவு, மாத்திரை மாதிரி. துணியால் வெளியே தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியிலும் அப்படித்தான் துணியை எடுத்தேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

சேஷாத்ரி சார். ராமகிருஷ்ணபுரத்தில் எங்களுக்கு எதிர் பிளாக். ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். 'ஃபேன் ஓடலை' என்பதுதான் அவர் என்னிடம் இத்தனை வருஷத்தில் பேசிய மொத்தப் பேச்சு. அன்றைக்குக் கையையே பிடித்துவிட்டார்.

"தங்கராசு, அதுல கை வைக்காதே" என்றார். 

ஏன் என்று நான் கேட்கவில்லை. அதிகம் கேட்கிற பழக்கம் இல்லை. அவரே சொன்னார்.

சிலர் நாய் வளர்ப்பார்கள். சிலர் கிளி. சார் பல்லி வளர்த்தார். ஹால் கடிகாரத்துக்குப் பின்னால் அதற்குக் குடித்தனம். சாயங்காலம் ஆனால் அதற்கென்று டியூப் லைட் போடுவார் — பூச்சி வரவேண்டுமே. கடிகாரத்தைத் துடைக்க மாமிக்கு அனுமதி கிடையாது. பதிலுக்குப் பல்லி அவருக்கு யோசனை சொல்லும். எந்தக் கிழமை, எந்தத் திசையிலிருந்து சத்தம் என்று பார்ப்பார். பஞ்சாங்கத்தில் கௌளி பலன் கட்டத்தில் விரல் வைப்பார். அப்புறம்தான் ஒரு காரியம் நடக்கும்.

நாம் மட்டும் என்ன? கல்யாணப் பேச்சு நடக்கும்போது பல்லி சொன்னால் விரலால் தரையைத் தட்டுகிறோம். அத்தோடு விட்டுவிடுகிறோம். சார் அதற்கு ஒரு போஸ்ட்டே கொடுத்திருந்தார். தனக்கு ஒரு கிரேடு மேலே.

முந்தின நாள் அவருக்கு ஆபீஸில் ஒரு லெட்டர் கொடுத்திருக்கிறார்கள். பிரமோஷன். ஆனால் கௌஹாத்தி. சம்மதமா இல்லையா, எழுதித் தரவேண்டும். லெட்டரோடு வீட்டுக்கு வந்தவர், பல்லியைக் கேட்கிற அவசரத்தில் ஹால் கதவை ஓங்கிச் சாத்தியிருக்கிறார்.

பல்லி அப்போது கதவு இடுக்கில் இருந்திருக்கிறது.

செத்த பல்லிக்குப் பஞ்சாங்கத்தில் கட்டம் இல்லையாம். புரட்டிப் பார்த்தாராம்.

"இது ரெண்டும் அதோட வாரிசு. பொரிய வைக்கணும். உன்னால முடியுமோ?"

நான் வந்தது ஸ்விட்ச் மாற்ற. கம்ப்ளெயின்ட் புக்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. 'பார்க்கலாம் சார்' என்றேன். சர்க்கார் வேலையில் 'முடியாது' என்பதற்கு அதுதான் சொல்.

படி இறங்கும்போது மாமி பின்னாலேயே வந்தார். சாரின் மனைவி. கெட்டிக்காரர், ஆனால் வீட்டில் அவருக்கு ஓட்டு கிடையாது. பல்லிக்கு இருந்தது.

புசா ரோடு பக்கம் ஒரு ஸ்கூலில் மாமிக்குத் தையல் டீச்சர் வேலை இரண்டு தடவை வந்ததாம். ஒரு தடவை பல்லி தெற்கே சொல்லிற்று. இன்னொரு தடவை சொல்லவே இல்லை. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான் — வேண்டாம். ஜூலையில் அதே இடம் மறுபடி காலி. ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். சார் கௌஹாத்தி போனால் மாமி வேலைக்குப் போகலாம். அந்தப் பக்கம் மாற்றலாகிறவர்கள் குடும்பத்தை டெல்லி குவார்ட்டர்ஸிலேயே விட்டுப் போகலாம் என்று ஒரு சலுகை வேறு இருக்கிறது. சார் போகாவிட்டால்? மாமி கடிகாரத்துத் தூசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

"பல்லி சொல்லாம அவர் கையெழுத்துப் போடமாட்டார். ஏற்கெனவே ஒரு பிரமோஷன் அப்படித்தான் போச்சு. ஒண்ணாவது பொரியணும் தங்கராசு."

'பார்க்கலாம்' என்று மாமியிடமும் சொன்னேன். இந்தத் தடவை நிஜமாகவே பார்ப்பதாக.

ஒரு பிஸ்கட் டின் எடுத்தேன். அடியில் சலித்த மணல். மணலில் இரண்டு குழி. குழிக்கு ஒரு முட்டை. மூடியில் ஹோல்டர் மாட்டி ஒரு நாற்பது வாட் பல்பு. முட்டைக்குச் சூடு வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது?

டெல்லி. ஏப்ரல் முடிந்து மே. வெளியே லூ என்கிற அனல்காற்று அடிக்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர். மனிதர்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். அந்த ஊரில், அந்த மாசத்தில், முட்டைக்குச் சூடு போதாது என்று பல்பு போட்டவன் நான். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

மறுநாள் டின்னுக்குள் கை விட்டேன். உடனே எடுத்தேன். பல்பையும் எடுத்தேன். டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சார் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சாருக்குத் திருப்தியில்லை. கரண்ட் இல்லாமல் ஒரு சாதனம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். டெல்லியில் மே மாசம் வெயிலே கரண்ட் இல்லாத ஹீட்டர்தானே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சார் சும்மா இருக்கிறவர் இல்லை. ஒரு ஃபைல் போட்டார். நிஜ ஃபைல், நாடா கட்டியது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கட்டம் போட்டு, டின்னுக்குள் எத்தனை டிகிரி என்று எழுத ஆரம்பித்தார். மத்தியானக் கட்டத்துக்காக லஞ்ச் டைமில் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்து போனார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். முகம் வாடியிருந்தது. முட்டைகளுக்குக் காய்ச்சலாம். நூற்றி நாலு. ஆறு நாளாக இறங்கவே இல்லையாம். ஃபைலைக் காட்டினார். எல்லாக் கட்டத்திலும் நூற்றி நாலு. கீழே இனிஷியல்.

டின்னைத் திறந்தேன். மணலில் செருகியிருந்தது ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர். அதை உதறினால்தான் பாதரசம் இறங்கும். ஆறு நாளாக யாரும் உதறவில்லை. முதல் நாள் மத்தியானம் ஏறியது அப்படியே நின்றுவிட்டது.

அதோடு போகவில்லை. முட்டை மேல் ஈரத்துணி. ஜுரம் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம் இல்லையா? அதே வைத்தியம், தினம் மூன்று வேளை. மணல் சேறாகியிருந்தது. ஒரு முட்டையில் சாம்பல் நிறத்தில் பூசணம்.

எங்கள் தொழிலில் இது முதல் பாடம். விளக்கு எரியவில்லை என்று வயரை எல்லாம் பிடுங்காதே. முதலில் உன் கையில் இருக்கிற மீட்டரைப் பார். கெட்டது அதுவாக இருக்கும். எத்தனை ஆபீஸில், எத்தனை வீட்டில், உதறாத தெர்மாமீட்டரைப் பார்த்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறோம்?

தெர்மாமீட்டரை எடுத்து மாமியிடம் கொடுத்தேன். சேற்று மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன். எடுத்துப் பிடித்தால் ஒட்டவேண்டும், பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது — அவ்வளவு ஈரம் போதும். பூசணத்தை உலர்ந்த பஞ்சால் ஒற்றினேன்.

ஒற்றும்போதுதான் பார்த்தேன். முட்டை மேல் ஏதோ எழுதியிருந்தது. கே.எஸ்.

இரண்டிலும் இனிஷியல் போட்டிருந்தார். ஏன் சார் என்றேன். யாராவது மாற்றி வைத்துவிட்டால்? என்றார்.

பல்லி முட்டையை யார் மாற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை. மினிஸ்ட்ரியில் அவர் என்னென்ன பார்த்திருக்கிறாரோ.

ஆனால் அந்த இனிஷியலால் ஒரு நன்மை நடந்தது. கிளம்பும்போது இரண்டு இனிஷியலும் மேலே பார்த்தபடி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் வந்தேன். ஒன்று பக்கவாட்டில். இன்னொன்று கீழே, மணலைப் பார்த்துக்கொண்டு.

யாரோ புரட்டுகிறார்கள்.

விசாரித்தேன். மார்க்கெட்டில் கோழி முட்டை விற்கிற சர்தார்ஜி ஒருவர். சார் அவரிடம் போய் முட்டை பொரிக்க யோசனை கேட்டிருக்கிறார். எந்த முட்டை என்று சொல்லவில்லை. கூச்சம். சைவ ஆபீசர் ஆத்திலே முட்டை வாங்குகிறார்கள் என்று யாரும் பேசிவிடக்கூடாதே என்று குரலை வேறு தாழ்த்தியிருக்கிறார். சர்தார்ஜி நல்ல மனிதர். 'பாய் சாஹப், தினம் மூணு தடவை புரட்டுங்க, அச்சா பொரியும்' என்று சொல்லியிருக்கிறார். கோழி முட்டைக்கு அது சரி. தாய்க்கோழி மூக்கால் புரட்டும்.

நான் எத்தனையோ போர்டு திறந்தவன். பல்லி முட்டை போடுகிறது, போய்விடுகிறது. திரும்பி வந்து புரட்டுவதை நான் பார்த்ததில்லை. விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடந்து, ஒரு நாள் ஓடு மட்டும் இருக்கும். போட்ட பக்கம் மேலே இருந்தால் குட்டி பிழைக்கும். புரட்டினால் உள்ளே மூழ்கிப்போகும்.

இதைச் சாரிடம் சொன்னேன். இத்தனை நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. தலையாட்டினார். நாளையிலிருந்து இரண்டு தடவை மட்டும் புரட்டட்டுமா என்றார்.

மே கடைசியில் எறும்பு.

எப்படி வந்தது? டின்னுக்கு எதிரே ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கல்கண்டு. நைவேத்தியம். வரப்போகிற குட்டிக்கு இப்போதே மரியாதை. எறும்பு முதலில் கல்கண்டுக்கு வந்தது. பிறகு டின்னுக்குள் போய், பூசணம் பிடித்த முட்டையைக் கண்டுபிடித்தது. நான் போனபோது அது பாதி ஓடுதான். சார் ஃபைலில் எழுதிவிட்டார் — 'முட்டை எண் 1, முடிந்தது.' கீழே இனிஷியல்.

மாமி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜூன் பிறந்துவிட்டது. ஆபீஸில் சார் ஒரு தடவை கெடு நீட்டி வாங்கியாயிற்று. இன்னொரு தடவை தரமாட்டார்கள். மிச்சம் ஒரு முட்டை.

அதாவது உயிரோடு இருக்கிறதா? அதுவே தெரியாது.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். டார்ச்சின் முகத்தைக் கறுப்பு டேப்பால் ஒட்டி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டேன். முட்டையை அசைக்காமல் டார்ச்சை அதன் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். முட்டை உள்ளேயிருந்து சிவந்தது. மெல்லிய சிவப்பு நரம்பு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மஞ்சளாகத் தெரிந்தால் கெட்டது. இது சிவப்பு.

மாமி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்ன ஊசியிலே சிவப்பு நூல் கோத்த மாதிரி இருக்கு" என்றார்.

தையல் டீச்சர் வேலைக்கு அவரைத் தவிர வேறு யார் போகமுடியும்?

எனக்கு அப்போது புரிந்தது. டின்னில் இனி கோளாறு இல்லை. சூடு சரி. ஈரம் சரி. டின்னுக்கு அடியில் நாலு தண்ணீர்க் கிண்ணம் வைத்தாயிற்று, எறும்பும் வராது. பாக்கி இருக்கிற கோளாறு ஒன்றே ஒன்று. அது தினம் மூன்று தடவை மூடியைத் திறக்கிறது.

சாரைப் பூட்டி வைக்க முடியாது. டின்னுக்குப் பூட்டுப் போட்டால் சாவி கேட்பார். யோசித்தேன். சாரிடம் போய், ரொம்ப மரியாதையாக, இது முக்கியமான விஷயம் சார், சீல் வைத்துவிடலாமா என்றேன்.

அவர் கண் மலர்ந்தது. மூடியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டினோம். பேப்பர் மேல் பாதி, டின் மேல் பாதி விழுகிற மாதிரி அவரே கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் தொடவில்லை. சீல் வைத்ததை உடைக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். சாருக்கு மேலிடம் கதவிடுக்கில் போய்விட்டது. மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்தேன், காற்றுக்கு. நாலு நாளைக்கு ஒரு தரம் மாமி அந்த வழியாக இங்க் ஃபில்லரால் ஓரத்து மணலில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஃபைலில் சார் தினமும் எழுதினார் — 'சீல் அப்படியே உள்ளது.'

பதினேழு நாள் அப்படிப் போயிற்று. பதினெட்டாம் நாள் காலை மாமி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். டின்னுக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம்.

சீலை சார் பிரித்தார். பிரித்ததாகப் பேப்பரில் எழுதிவிட்டுப் பிரித்தார். உள்ளே ஓடு இரண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் கே, ஒரு துண்டில் எஸ். மணல் மேல் ஒரு குட்டி. தீக்குச்சி நீளம், அதில் பாதி வால். எங்கள் மூன்று பேரையும் ஒரு தரம் பார்த்தது. டின்னின் விளிம்பு, கட்டில் கால், சுவர், கடிகாரம். போய்ச் சேர்ந்துவிட்டது.

சார் கை கூப்பினார்.

ஜாயினிங் ரிப்போர்ட் மட்டும்தான் வாங்கவில்லை.

அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. பிறந்த குழந்தையிடம் போய்ப் பிரமோஷன் யோசனை கேட்டால் என்ன சொல்லும்? குட்டி பூச்சி பிடித்தது. தூங்கியது. இடம் மாறியது. வாயைத் திறக்கவில்லை. சார் சம்மதக் கடிதத்தை டைப் அடித்து, மறுப்புக் கடிதத்தையும் டைப் அடித்து, இரண்டையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். லீவ் வேறு போட்டார்.

கடைசி நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் கடிதம் ஆபீஸில் இருக்கவேண்டும். காலை ஒன்பதுக்கு நான் அங்கே இருந்தேன். அந்தப் பழைய போர்டை இன்னும் மூடவில்லை. ஸ்டூல் மேல் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் அந்தச் சுவர். மேலே வென்டிலேட்டர் திறப்பு வழியாக எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

சார் பஞ்சாங்கத்தை வாய்விட்டு வாசித்தார். இன்றைக்கு வடகிழக்கில் சொன்னால் போகலாம் என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. கடிகாரத்திடம் இருக்கும். பேசாவிட்டால் மறுப்புக் கடிதம்தான் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாமி கிச்சனில் இருந்தார். இட்லிப் பானையை இறக்கி வைத்தார். அடுப்பை அணைத்தார். தெற்கு ஜன்னலிலிருந்து நடந்து, வடகிழக்கு மூலையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

ட்ச்... ட்ச்... ட்ச்... ட்ச்.

சுத்தமான சத்தம். நிஜப் பல்லி அவ்வளவு நன்றாகச் சொல்லாது.

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.  என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கராசு, கேட்டுதா? வடகிழக்குதானே?"

பொய் சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. கேட்டதா? கேட்டது. வடகிழக்கா? வடகிழக்குதான்.

"கேட்டுது சார். வடகிழக்குதான்."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிறவன் நான் இல்லை.

குட்டிப் பல்லி அந்த நேரம் எங்கே இருந்தது தெரியுமா? சாரின் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தில். கொசு ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது.

சார் கையெழுத்துப் போட்டார். பத்தரைக்கு ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்துக் கடிதத்தோடு போனார். அவர் போனதும் மாமி எனக்கு நாலு இட்லி வைத்தார்.  சாப்பிட்டு முடித்ததும் கை கழுவத் தண்ணீர் கொடுத்தார். 

இப்போது மாமி தினம் காலையில் பஸ் பிடித்து ஸ்கூலுக்குப் போகிறார். கடிகாரம் பளபளவென்று இருக்கிறது. முந்தாநாள் சாரிடமிருந்து எனக்கு ஒரு லெட்டர். கௌஹாத்திப் பல்லி ஒவ்வொன்றும் முழ நீளமாம். எந்தத் திசை என்று இல்லாமல் எல்லாச் சுவரிலிருந்தும் கத்துகிறதாம். ஒரு யோசனை கேட்டால் பத்து வருகிறதாம். அதனால் வேறு வழியில்லாமல் ஃபைலை அவரே படித்து முடிவு பண்ணுகிறாராம். வேலை ஜல்தியாக நடக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினாராம்.

இதை எழுதினால் சார் படிக்கமாட்டாரா என்று கேட்பீர்கள். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 'எழுது, அவர் இங்கிலீஷ் பேப்பர்தான் படிப்பார்' என்றார்.

எனவே, வீட்டில் பல்லி முட்டை இருக்கிறதா? பொரியவேண்டுமா? தொடாதீர்கள். சொல்லவேண்டியதை வீட்டிலேயே யாராவது சொல்வார்கள்.